வழக்கா, சட்டமா: உரிமை கேட்க எந்த வழி?

பெண்கள், திருநர், ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காகக் கிளம்பும் சென்னைப் பிள்ளைகள் கோர்ட்டில் வழக்குப் போடுவதா, புதுச் சட்டம் கேட்பதா என்று இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திணறுகிறார்கள். நடந்த கதையை வைத்தே பார்ப்போம்.

வேகம்: வழக்குதான். திருநங்கை பிரித்திகா யாஷினியின் போலீஸ் எஸ்.ஐ. வேலை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, 2015லேயே சென்னை உயர் நீதிமன்றம் வழிவிட்டது.
சட்டமோ ஆமை. முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1927, ஒழிப்புச் சட்டம் வந்தது 1947.

வீச்சு: இங்கே சட்டம் ஜெயிக்கிறது, ஓட்டைகளோடு. 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை என்றால் வீட்டில் சண்டை வராமல் இருக்குமா? 2005 மத்தியச் சட்டம் வரும்வரை இதுதான் நிலை.

உறுதி: தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும். சாதி, மதவாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையை 1951இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; இங்கே கிளம்பிய எதிர்ப்பில் அதே ஆண்டு அரசியலமைப்பே திருத்தப்பட்டது.

செலவு: வழக்குக்கு வக்கீல் ஃபீஸ், சட்டத்துக்கு ஆள்பலம்.

உங்கள் ஒருவருக்கு வேலையோ சீட்டோ மறுத்தார்களா? வழக்குப் போடுங்கள். ஊர் வழக்கமே மாற வேண்டுமா, எம்எல்ஏக்களை விடாமல் துரத்துங்கள்.