மேஜிக் தி கேதரிங்: ஆட்டத்துக்கு முழு மதிப்பெண், பாக்கெட்டுக்குப் பாதிகூட இல்லை

மேஜிக் தி கேதரிங் எப்படி என்று யாராவது கேட்டால் நான் இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டு அட்டையோடு ஆடும் ஆட்டத்தைப் பற்றியது. மற்றது, உள்ளே எது இருக்கிறது என்று தெரியாதபடி அந்த அட்டைகளை அடைத்து விற்கும் பாக்கெட்டைப் பற்றியது. விற்பது ஒரே நிறுவனம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு சரக்கு. சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். பிறகு வெள்ளிக்கிழமை மாலை என்றால் அட்டைக் கடை என்றே ஆகிவிட்டது. இத்தனை ஆண்டுகள் புழங்கியும் ஆட்டம் அலுக்கவில்லை. பாக்கெட் எப்போதோ அலுத்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் நாம் ஆடிய ட்ரம்ப் கார்டில் ஒரே கட்டைக் கலைத்து எல்லோருக்கும் பங்கு போடுவோம். இதில் அவரவர் கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். குறைந்தது 60 அட்டைகள். அடிப்படை நிலங்களைத் தவிர, ஒரே அட்டை நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. கையில் 7 அட்டைகளுடன் தொடங்குகிறோம்; ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். நில அட்டைகளிலிருந்து மானா என்னும் சக்தி கிடைக்கும். அதைச் செலவழித்து உயிரினங்களை வரவழைக்கலாம், மந்திரங்களை ஏவலாம். எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

இதை வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் வேறொரு பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டு பீட்டர் அட்கிசனிடம் போனார். சியாட்டில் பக்கத்தில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த அட்கிசனுக்கு அதை அச்சிடும் வசதி இல்லை. விளையாட்டு விழாக்களில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் ஆடிவிடக்கூடிய, பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். 1993 ஆகஸ்டில் அது கடைக்கு வந்தது. இடைவேளையில் ஆடுவதற்கென்று பிறந்ததற்கு இன்று முழு வார இறுதியையும் கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

ஆட்டம் ஏன் அலுக்கவில்லை என்பதற்கு இரண்டே இரண்டு அட்டைகள் போதும். லைட்னிங் போல்ட்: சிவப்பு மானா ஒன்று, 3 புள்ளி சேதம். ஜயன்ட் குரோத்: பச்சை மானா ஒன்று, ஓர் உயிரினத்துக்கு அந்தச் சுற்று முடியும்வரை வலிமையிலும் தாங்குதிறனிலும் மூன்று மூன்று கூடும். இரண்டுமே 1993-இல் வந்தவை. என்னிடம் 2/2 கரடி ஒன்று, அதாவது வலிமை 2, தாங்குதிறன் 2, நிற்கிறது. எதிராளி அதன்மேல் போல்ட்டை ஏவுகிறார். அது வந்து விழுவதற்குள் நான் குரோத்தைப் போடுகிறேன். கடைசியில் போட்டது முதலில் நடக்கும் என்பது விதி. எனவே கரடி முதலில் 5/5 ஆகிறது, பிறகு 3 சேதத்தை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறது. இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். தாக்கும்போது கொஞ்சம் கூடுதலாக அடிக்கலாம் என்று ஆசைப்பட்டு நானே முதலில் குரோத்தைப் போடுகிறேன். அது நடப்பதற்குள் எதிராளி போல்ட்டை ஏவுகிறார். போல்ட் முதலில் நடக்கிறது, 2/2 கரடி செத்துப்போகிறது. கரடி போனபின் என் குரோத்துக்கு இலக்கே இல்லை. அதே இரண்டு அட்டைகள்தான். முந்தியவன் இரண்டு அட்டை இழந்தான், பொறுத்தவன் பிழைத்தான். எதிராளியின் கையில் என்ன இருக்கிறது, எத்தனை நிலத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார், மானா எடுக்க நிலத்தைத் திருப்பும்போது ஏன் ஒரு கணம் தயங்கினார் என்றெல்லாம் கணக்குப் போட வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த இரண்டும் ஐந்து அட்டைகள் கொண்ட ஒரு வரிசையைச் சேர்ந்தவை. நிறத்துக்கு ஒன்று, ஒரு மானா கொடுத்தால் ஏதோ ஒன்று மூன்று கிடைக்கும். கறுப்பில் மூன்று மானா, வெள்ளையில் மூன்று உயிர்ப் புள்ளி, நீலத்தில் மூன்று அட்டைகள். காகிதத்தில் பார்த்தால் ஐந்தும் சமம்போலத் தெரியும். ஆனால் நீலத்தின் ஆன்செஸ்ட்ரல் ரீகால், பிளாக் லோட்டஸ் என்ற அட்டையைப் போலவே, விளையாட்டின் மிக வலிமையான ஒன்பது அட்டைகளில் ஒன்றாகிவிட்டது. வெள்ளையின் ஹீலிங் சால்வை இலவசமாகக் கொடுத்தாலும் கட்டில் சேர்க்க ஆள் கிடையாது. எதிர்காலத்தில் எடுக்கப்போகும் அட்டையை இப்போதே கையில் வைத்திருப்பதன் விலை என்ன என்று தொடக்கத்தில் வடிவமைத்தவர்களுக்கே பிடிபடவில்லை. புதிய அட்டை வரும்போதெல்லாம் இன்றும் இந்தக் கணக்கைத்தான் நாங்கள் போட்டுப் பார்க்கிறோம்.

ஆட்டத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நிலம் வராமல் கை கட்டி உட்கார்ந்திருக்கும் ஆட்டங்கள் உண்டு. நிலம் மட்டுமே வந்துகொண்டிருக்கும் ஆட்டங்கள் அதைவிடக் கொடுமை. 2019-இல், தொடக்கத்தில் கையில் வந்த அட்டைகளை மாற்றிக்கொள்ளும் விதியைத் தளர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் 7 அட்டைகளை எடுத்துக்கொண்டு, எத்தனை முறை மாற்றினோமோ அத்தனை அட்டைகளைக் கட்டின் அடியில் வைத்தால் போதும். கொஞ்சம் நிவாரணம்தான், தீர்வு இல்லை. புதிய அட்டைகளில் எழுத்து பொடிப்பொடியாக நிறைந்திருப்பது நாற்பதைத் தாண்டிய கண்களுக்குத் தண்டனை.

இனி பாக்கெட். பழைய பாக்கெட்டில் 15 அட்டைகள் இருந்தன: பெரும்பாலானவை சாதாரணம், மூன்று நடுத்தரம், ஒன்றே ஒன்று அரியது. 2008-இல் மிதிக் ரேர் என்று அரியதற்கும் மேலே ஒரு படி வைத்தார்கள். ஏறக்குறைய எட்டு பாக்கெட்டுக்கு ஒன்றில் அது கிடைக்கும். 2024 பிப்ரவரியில் பிளே பூஸ்டர் என்ற புதிய வகைப் பாக்கெட் வந்தது. அட்டைகளின் எண்ணிக்கை 14 ஆகக் குறைந்தது; அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றுக்கு மேல் அரிய அட்டைகள் கிடைக்கும் என்றார்கள். விலையும் ஏறியது. இவை தவிர, மினுமினுப்பும் தனிச் சட்டகமும் உள்ள அட்டைகளுக்கென்றே கலெக்டர் பூஸ்டர், பல மடங்கு விலையில். பிரித்துப் பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் காசு. மறுக்க மாட்டேன், அந்த இரண்டு நிமிடம் நன்றாகத்தான் இருக்கும்.

அண்ணன் மகனுக்கு ஒரு முறை பிறந்தநாள் பரிசாக இரண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். பிரித்தவுடன் அவன் கேட்ட முதல் கேள்வி: “சித்தப்பா, இதில் எது விலை போகும்?” அவனுக்கு வயது பத்து. விதிப் புத்தகத்தைப் புரட்டும் முன்பே அலைபேசியில் விலைப்பட்டியலைத் திறந்துவிட்டான். பாக்கெட் எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

பாக்கெட் தன் விலைக்கு ஈடு கொடுக்கும் இடம் ஒன்று உண்டு: டிராஃப்ட். எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள், ஆளுக்கு மூன்று பாக்கெட். ஒன்றைப் பிரித்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மீதியை இடப்பக்கத்துக்காரரிடம் நகர்த்த வேண்டும். இரண்டாவது பாக்கெட் வலப்பக்கம் போகும். மூன்றாவது மறுபடி இடம். எடுத்ததை வைத்து, நிலங்களையும் சேர்த்து, 40 அட்டைக் கட்டு கட்டி ஆட வேண்டும். வலப்பக்கத்துக்காரர் எந்த நிறத்தை எடுக்காமல் அனுப்புகிறார் என்று மோப்பம் பிடிப்பதே தனிக் கலை. யாரிடம் பணம் அதிகம் என்ற பேச்சே இல்லை. அறையில் அதுவரை இல்லாத அமைதி வந்துவிடும். அட்டை நகரும் சரசரப்பு மட்டும் கேட்கும். நான் இப்போது பாக்கெட்டுக்குக் காசு கொடுப்பது இதற்கு மட்டும்தான். கட்டுக்கு வேண்டிய அட்டைகளைத் தனித்தனியாகவே வாங்குகிறேன்.

தனி அட்டை வாங்குவதில் போலி ஒரு தொல்லை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த அட்டையைக் கையில் எடுத்தபோதே வழவழப்பு சற்று அதிகமாகத் தோன்றியது. நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் உருப்பெருக்கியால் பின்பக்கத்திலுள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். அசலில் அந்தப் பச்சைக்குள் நான்கு சிவப்புப் பொட்டுகள் ஆங்கில எல் எழுத்துப்போல அமைந்திருக்கும். இதில் அவை இல்லை. வெறும் அச்சுப் புள்ளிகள் கலைந்து கிடந்தன. பணத்தைத் திரும்ப வாங்க ஒரு மாதம் ஆனது. பின்பக்க வடிவம் 1993 முதல் மாறாமலிருப்பதால் இந்தச் சோதனை பழைய அட்டைக்கும் புதிய அட்டைக்கும் பொருந்துகிறது.

அட்டைகளைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. இந்த ஊரின் ஈரப்பதத்தில் மினுமினுக்கும் ஃபாயில் அட்டைகள் வளைந்துவிடுகின்றன. காகிதம் ஈரத்தை இழுக்கிறது, மேலே ஒட்டியிருக்கும் படலம் இழுப்பதில்லை. வளையாமல் என்ன செய்யும்? எந்த நிறுவனத்தின் ஃபாயிலும் இதற்கு விலக்கல்ல. சாதாரண அட்டைகளை நல்ல உறையில் போட்டு, கேமராவுக்கு விற்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஃபாயில் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

அடுத்தது, புதிதாக வருபவர்கள் யாரும் கேட்காத விஷயம். நம் கையிலிருக்கும் அட்டையின் மதிப்பு ஓர் அறிவிப்பைப் பொறுத்தது. அச்சிடுவதும் விதி எழுதுவதும் தடை போடுவதும் ஒரே கை. 1995-இல் குரோனிக்கிள்ஸ் என்ற தொகுப்பில் பழைய அரிய அட்டைகளை மறுபடி அச்சிட்டார்கள். சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். சமாதானமாக, இதில் உள்ளவற்றை இனி மீண்டும் அச்சிடவே மாட்டோம் என்று 1996-இல் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். அந்த வாக்குறுதியால்தான் பழைய அட்டைகள் சாதாரண ஆட்டக்காரரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. 2022-இல் முப்பதாம் ஆண்டு விழா என்று சொல்லி, பின்பக்கத்தை மாற்றி, போட்டிகளில் பயன்படுத்த முடியாதபடி அதே பழைய அட்டைகளை அச்சிட்டு, நான்கு பாக்கெட்டை 999 டாலருக்கு விற்றார்கள். பிளாக் லோட்டஸ் கிடைத்தாலும் கிடைக்கும், இல்லாமலும் போகும். வாக்கையும் மீறவில்லை, வாய்ப்பையும் விடவில்லை. இந்தச் சாமர்த்தியத்தை எனக்கு ரசிக்க முடியவில்லை.

2024 செப்டம்பரில் நடந்தது இன்னொரு வகை. கமாண்டர் என்ற ஆட்டமுறைதான் இப்போது மிகப் பிரபலம்: 100 அட்டைகள், அடிப்படை நிலங்களைத் தவிர எல்லாம் ஒவ்வொன்று, 40 உயிர்ப் புள்ளிகள், பெரும்பாலும் நால்வர் கூடி ஆடுவது. அதன் விதிகளை நிறுவனத்துக்கு வெளியே ஒரு தன்னார்வக் குழு கவனித்துவந்தது. அந்தக் குழு நான்கு அட்டைகளுக்குத் தடை விதித்தது. அவற்றில் ஜூவல்டு லோட்டஸும் ஒன்று. அது தரும் மானாவை, கட்டின் தலைவரான கமாண்டர் அட்டையை வரவழைக்க மட்டுமே செலவழிக்க முடியும். ஆகவே அந்த ஆட்டமுறைக்கு வெளியே அது வெறும் காகிதம். விலை ஒரே நாளில் சரிந்தது. ஆட்டத்தின் நலனுக்கு அந்தத் தடை சரியே என்பது என் கருத்து. முதல் சுற்றிலேயே ஒருவர் முந்தி ஓடிவிட்டால் மற்ற மூவருக்கும் ஆட்டம் ஏது? ஆனால் குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. சில நாட்களில் அவர்கள் பொறுப்பை விசார்ட்ஸிடமே ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். கடைசியாக வெளியே இருந்த அதிகாரமும் உள்ளே போனது அப்படித்தான்.

விசார்ட்ஸை 1999-இல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஆண்டுக்கு நூறு கோடி டாலர் வருவாயை எட்டிய தங்கள் முதல் பிராண்டு மேஜிக்தான் என்று 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் ஹாஸ்ப்ரோ பெருமையோடு சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 1,100 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவித்ததும் அதே ஹாஸ்ப்ரோதான். இந்த வருவாய்ப் பசி மேசைவரை வருகிறது. 2025-இல், அண்மைத் தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்டாண்டர்டு ஆட்டமுறைக்கு மட்டும் ஆறு தொகுப்புகள். அவற்றில் மூன்று ஃபைனல் ஃபேன்டஸி, ஸ்பைடர்மேன், அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் என்று வெளியார் கதைகள். லார்டு ஆஃப் தி ரிங்ஸ் தொகுப்பு வந்தபோது நானும் ரசித்தேன், அந்த உலகம் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தியது. நியூயார்க் கட்டடங்களுக்கு நடுவே தாவும் ஸ்பைடர்மேனைக் கரடியால் தடுக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அரீனா என்ற கணினி, அலைபேசி வடிவம் விதிகளைக் கற்க மிக நல்லது. யாருடைய முறை, எது முதலில் நடக்கும் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதிலுள்ள அட்டையை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ முடியாது. இரவில் தூக்கம் வராதபோது ஆடுகிறேன், காசு போடுவதில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? சதுரங்கமும் சீட்டும் இரண்டுமே பிடித்தவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு. முதலீடு என்று நினைத்து வருபவர்களுக்குக் கிடையாது. தொடங்க விரும்பினால் அரீனாவில் இலவசமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஆயத்தக் கமாண்டர் கட்டு ஒன்றும் ஒரு பொதி உறையும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போய், நான் புதிது என்று சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க மேசைக்கு இருவர் இருப்பார்கள். அந்தக் கட்டில் பிடிக்காத அட்டைகளை ஒவ்வொன்றாகத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் பாக்கெட்டுகளை டிராஃப்ட் நாளன்று வாங்கிக்கொள்ளலாம்.