ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரோடு சப்வூஃபர்: ஒரு சின்ன அறையின் நீண்ட நாள் அனுபவம்

சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர் பெட்டி, சுருக்கமாக சப்) என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஷேர் ஆட்டோவில் சீட்டுக்கடியில் அதிரும் பெட்டியும், டிவிக்குப் பக்கத்தில் நிற்கும் 5.1 செட்டும்தான். அதனாலேயே பாட்டைக் கவனித்துக் கேட்கிறவர்கள் "நமக்கு அது வேண்டாம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சில வருடங்களாக ஒன்றை வைத்துப் பாட்டு மட்டுமே கேட்டுவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சரியாக அமைந்த சப், தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாது. அணைத்தால்தான் தெரியும்.

என்னிடம் இருப்பது யமஹா ஏ-எஸ்501 ஆம்ப், வார்ஃபேடேல் டயமண்ட் வரிசையில் ஒரு ஜோடி சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ரெல் டி/5எக்ஸ் சப். சப்பில் கீழ்நோக்கிய 8 அங்குல டிரைவர், மூடிய பெட்டி, 125 வாட். வாட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். 12க்கு 10 அடி அறைக்கு இதுவே தாராளம்.

இணைப்புக்கு இரண்டு வழி. இந்த ஆம்பின் பின்னால் சப்வூஃபர் அவுட் என்று ஒரு ஆர்சிஏ துளை இருக்கிறது. அதிலிருந்து ஒரே வயர், வேலை முடிந்தது. ஆனால் அங்கே 90 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை ஆம்பே வெட்டித்தான் அனுப்பும். சப்பிலும் தனியாக ஒரு கிராஸ்ஓவர், அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே உள்ளதை வெட்டும் வடிகட்டி, இருப்பதால் சத்தம் இரண்டு வடிகட்டிகளைத் தாண்டி வரும். இந்த வழியில் போகிறவர்கள் சப்பில் உள்ள எல்எஃப்இ (ஏற்கெனவே வெட்டிய பேஸ் சிக்னலுக்கான) துளையில் செருகுவது நல்லது. அங்கே சப்பின் வடிகட்டி குறுக்கே வராது.

நான் நிலைத்தது இன்னொரு வழியில், அதாவது ஹை-லெவல் இணைப்பு. ஸ்பீக்கருக்குப் போகும் அதே சிக்னலை சப்புக்கும் கொடுப்பது. ரெல்லோடு வரும் நீளமான வயரின் ஒரு முனையில் திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் பிளக், மறுமுனையில் மூன்று கம்பிகள். சிவப்பு வலது பக்க பாசிட்டிவில், மஞ்சள் இடது பக்க பாசிட்டிவில், கறுப்பு ஏதாவது ஒரு பக்க நெகட்டிவில். ஆம்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும். பிரிந்த ஒற்றை இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட். உங்கள் ஆம்ப் கிளாஸ் டி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி இயங்கும் வகை) ஆகவோ பிரிட்ஜ் செய்யப்பட்டதாகவோ (ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப் பகுதிகள் சேர்ந்து வேலை செய்வது) இருந்தால் கறுப்பை நெகட்டிவில் மாட்டவே கூடாது. அது சேஸிஸ் கிரவுண்டுக்கு, அதாவது ஆம்பின் உலோகப் பெட்டிக்கு, போக வேண்டும். கையேட்டைப் பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள்.

சப் இந்த வழியில் ஆம்பிலிருந்து கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், அதன் உள்ளீட்டு மின்தடை அவ்வளவு அதிகம். அதனால் ஒரு வசதி கிடைத்தது. ஸ்பீக்கர்களை ஏ டெர்மினலிலும் சப்பை பி டெர்மினலிலும் மாட்டி, ஏ+பி நிலையில் கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் குமிழை ஏ-க்குத் திருப்பினால் சப் மௌனம். பின்பக்கம் குனிந்து தேட வேண்டியதில்லை.

வயர் மாட்டுவது அரை மணி நேர வேலை. மீதிக் கதை எல்லாம் அறையில்தான் இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் யோசனைகள் இங்கே பாதிக்கு மேல் பொருந்தாது, ஏனென்றால் அவர்கள் வீட்டுச் சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். பேஸ் அதன் வழியே கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் டைல்ஸும் அதைத் திருப்பி அறைக்குள்ளேயே தள்ளும். கணக்கு எளிது: ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த அறை எந்த அதிர்வெண்ணில் முதலில் உறுமும் என்று தெரிந்துவிடும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு 56. கூரையும் 10 அடி உயரம் என்றால் அதற்கும் 56. இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். மூலையில் சப் வைத்திருந்தபோது பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் ஜன்னல் கிரில்லும் பீரோ கதவும் சேர்ந்து பாடின. கீழ் வீட்டு அக்கா படியில் பார்த்துச் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா எங்க சாமி ரூம்ல விளக்கு ஆடுது."

மூலை எல்லா அலைகளையும் தூண்டிவிடும் இடம். அங்கிருந்து எடுக்க, எல்லோரும் சொல்லும் தவழும் முறையைத்தான் செய்தேன். சப்பை நாம் உட்காரும் நாற்காலியில் தூக்கி வைத்து, பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரம் முழங்காலில் தவழ்ந்து போக வேண்டும். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வீட்டில் ஆள் இல்லாத நேரம் உத்தமம். எனக்கு முன்சுவரில், வலது ஸ்பீக்கருக்கு உள்பக்கமாக அமைந்தது. நாற்காலியையும் பின்சுவரில் இருந்து நாலடி முன்னே இழுத்துப் போட்டேன். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் எப்போதும் கூடுதலாகத்தான் கேட்கும். அதோடு சப்புக்கு அடியில் தடித்த ரப்பர் மேட். விளக்கு ஆடுவது நின்றுவிட்டதாம்.

பிறகு ஃபேஸ் சுவிட்ச், சப்பின் கோன் ஸ்பீக்கரோடு ஒரே திசையில் அசைகிறதா எதிர்த்திசையிலா என்பதை மாற்றுவது. 0, 180 என இரண்டே நிலை. நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, உட்காரும் இடத்தில் பேஸ் எதில் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடலாம். கிராஸ்ஓவரைக் கீழிருந்து மேலே கொண்டுவர வேண்டும். ஆண் குரல் கனக்க ஆரம்பித்தால் தாண்டிப் போய்விட்டோம் என்று அர்த்தம். வால்யூம், சப் தனியாகக் காதில் படும் வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு படி இறக்கம். போன் ஆப்பை வைத்து அளக்கிறவர்கள் கவனிக்க: பல போன் மைக்குகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் நம்பத்தக்கவை அல்ல. நண்பரின் யூமிக்-1 மைக்கும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் கைகொடுத்தன. காதால் வைத்ததைவிட மைக் சொன்னது கொஞ்சம் குறைவான அளவு. ஒரு வாரம் பேஸ் பற்றாததுபோல் இருந்தது, அப்புறம் அதுவே பழகிவிட்டது.

நடுவில் ஒரு 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வந்தது. ஆம்போடு இணைத்திருந்த செட்-டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றியதும் நின்றது. கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு சேர்வதால் வரும் ரீங்காரம். இதற்காக பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. பவர்கட்டின்போது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்பே முனகும். சைன் வேவ் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கேட்பதில் என்ன மாறியது? இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் அல்லவா, அது குறைந்த வால்யூமிலும் முழுசாகக் கேட்கிறது. தவிலின் தொப்பிப் பக்கத்துக்கு உடம்பு வந்திருக்கிறது. அறுபதுகளின் மோனோ பாட்டுகளில் சப்புக்குப் பெரிதாக வேலை இல்லை. எல்பி கேட்கும்போது சப்பை அணைத்துவிடுகிறேன். வளைந்த தட்டு என்றால் காதுக்கே கேட்காத அசைவில் கோன் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இந்த இணைப்பில் சின்ன ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த பேஸ் போவது நிற்காது, அதன் பாரம் குறையாது. அதனால் முன்பைவிட அதிக சத்தமாக வைக்க முடியும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். அதற்கு பேஸ் மேனேஜ்மென்ட் (தாழ்ந்த பேஸை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் சப்புக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது) உள்ள ஆம்போ ஏவி ரிசீவரோ வேண்டும். இரண்டாவது சப் போட்டால் அறையின் உறுமல் இன்னும் சமமாகும் என்று நண்பர் ஆசை காட்டுகிறார். வைக்க இடம் வேண்டுமென்றால் பீரோவைத்தான் வெளியே தள்ள வேண்டும், அதற்கு வீட்டில் அனுமதி கிடையாது.