கொழிஞ்சாம்பாறையில் நம்பாஸ்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன். சித்தூர், பாலக்காடு கல்லூரிகளுக்குப் போகிறவர்களும் உண்டு. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு. பலர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். இவர்களுக்காகச் சில ஆண்டுகளாக நம்பாஸ் என்ற இணைய சுயமதிப்பீட்டுக் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம், வினாக்களை நாமே தமிழில் எழுதிச் சேர்க்கலாம்.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், தவறு சூடு ஆறுவதற்குள் பிடிபட்டுவிடுகிறது. சைன் 3எக்ஸை வகையிடச் சொன்னால் பாதிப் பேர் காஸ் 3எக்ஸ் என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். நோட்டில் எழுதி, நான் திருத்தி, திரும்ப அவர்கள் கைக்குப் போவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். என்ன நினைத்து எழுதினோம் என்பது அதற்குள் மறந்துபோகும். நம்பாஸில் அந்தத் தவறான விடையையே முன்கூட்டிக் கொடுத்து, அதற்கென்று ஒரு குறிப்பையும் எழுதிவைக்கலாம். "உள்ளே இருக்கும் 3எக்ஸை வகையிட்டாயா?" என்று எழுதியிருக்கிறேன். படித்த உடனே பென்சிலைத் தேடுகிறார்கள். சரியான விடை 3 காஸ் 3எக்ஸ். அதில் 3-ஐ முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் கருவி ஏற்றுக்கொள்ளும். எக்ஸுக்குச் சில எண்களைப் பிரதியிட்டு, பிள்ளை எழுதிய கோவை, நான் கொடுத்த கோவை இரண்டின் மதிப்பும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறது. விடையைக் காட்டும் பொத்தானை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். அது இருந்தால் விரல் முதலில் அங்கேதான் போகும்.

இதேபோல் இன்னொரு வினா கேட்டால் 3 போய் 5 வரும், 7 வரும். பக்கத்தில் இருப்பவரின் விடை உதவாது. ஆனால் எண் மட்டும் மாறிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு விடையின் வார்ப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே அடுத்த வினாவில் உள்ளே எக்ஸின் வர்க்கத்தை வைத்துவிடுவேன். உள்ளே இருப்பதையும் வகையிட்டுப் பெருக்கச் சொல்லும் சங்கிலி விதி யாருக்குப் பிடிபட்டிருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

செல்பேசியில் அடுக்குக்குறியையும் அடைப்புக்குறியையும் தட்டுவது தொல்லைதான். தட்டத் தட்டக் கோவை கணித வடிவில் பக்கத்திலேயே தெரிவது பெரிய உதவி. மூடில் என்ற இணையப் பாடத் தளம் வைத்திருக்கும் கல்லூரி என்றால், ஸ்டாக் என்ற இன்னொரு கணித வினாக் கருவியையும் பார்க்கலாம். மாக்சிமா என்ற இயற்கணித மென்பொருளைக் கொண்டு விடையை இன்னும் நுணுக்கமாக ஆராயும். ஆனால் அதற்கு சர்வர் வேண்டும். தனி ஆளுக்கு நம்பாஸே தோது.

எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவிக் காட்டும் மெய்ப்பகுப்பாய்வில் நம்பாஸை நம்பக் கூடாது. எப்சிலான் என்ற பிழை வரம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எக்ஸ் எவ்வளவு நெருங்க வேண்டும் என்று சொல்லும் டெல்டாவை எப்படித் தேர்ந்தாய், அந்தத் தேர்வு ஏன் போதுமானது என்பதை ஒரு மனிதர் வரிவரியாக வாசித்துத்தான் சொல்ல முடியும். வகையிடல் கணக்குகளைத் திருத்தும் வேலை குறைந்துவிட்டதால், சனிக்கிழமைகளை முழுக்க நிறுவல்களுக்கே கொடுக்கிறேன்.