நம்பை டிரெப்பிசாய்டு: ஃப்ரீசர் கரண்ட் கணக்குக்கு செம

காசிமேட்டுல மாமா மீன் கடை ஃப்ரீசர் எவ்ளோ கரண்ட் இழுக்குதுன்னு பாக்க ஒரு மீட்டர் மாட்டி வாட்ஸ் ரீடிங் எடுத்தேன், ஆனா அது ஒழுங்கா நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வராது, சில நேரம் 40 செகண்டு சில நேரம் 3 நிமிஷம். நம்பைல (NumPy, பைத்தான் கோடிங்ல நம்பர் கணக்கு போடுற லைப்ரரி) இருக்குற டிரெப்பிசாய்டுங்குற ஃபங்ஷன் (trapezoid, 2024ல வந்த நம்பை 2.0ல இருந்து இந்தப் பேரு, முன்ன டிராப்ஸ், trapz) ரெண்டு ரீடிங் நடுவுல நேர்கோடு போட்டு கீழ இருக்குற ஏரியாவ கூட்டிக் குடுத்துடுது, எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. நேரத்தையும் சேத்து குடுக்கணும், இல்லன்னா எல்லா இடைவெளியும் 1ன்னே எடுத்துக்கும். டைம மணிக்கணக்கா மாத்திக் குடுத்து வர்றத 1000ஆல வகுத்தா யூனிட். கரண்ட் கட்டுதான் கவனிக்கணும், ரீடிங்கே இல்லாத ரெண்டு மணி நேரமும் ஃப்ரீசர் ஓடுன மாதிரி கோடு இழுத்துடும், அந்த இடத்துல டேட்டாவ வெட்டி தனித்தனியா கூட்டுங்க. காசு கிடையாது, தாராளமா யூஸ் பண்ணலாம்.