தம்ஸ் அப்பும் கேம்பாவும்: வாங்க வந்தவர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள்?

1977இல் கோகோ கோலா இந்தியாவைவிட்டு வெளியேறியது. அந்த இடத்தைப் பிடிக்கப் புறப்பட்டவற்றில் இரண்டு பெயர்கள் நாட்டில் பரவின. ஒன்று, பார்லேயின் தம்ஸ் அப். மற்றொன்று கேம்பா கோலா. அதுவரை கோக்கையே பாட்டிலில் அடைத்துக் கொடுத்துவந்த ப்யூர் டிரிங்க்ஸ் குழுமத்துடையது.

இரண்டும் பின்னாளில் விலைபோயின. 1993இல் திரும்பிவந்த கோகோ கோலா, தம்ஸ் அப் உள்ளிட்ட பார்லே பானங்களை வாங்கியது. அப்போது பேசப்பட்ட தொகை சுமார் 6 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 180 கோடி ரூபாய்க்கு மேல். கேம்பாவை 2022இல் ரிலையன்ஸ் வாங்கியபோது செய்திகளில் வந்த தொகை ஏறத்தாழ 22 கோடி ரூபாய். முன்னதில் லிம்கா, மாஸா, கோல்ட் ஸ்பாட், சிட்ரா எல்லாம் அடக்கம் என்பதால் ஒப்பீடு முழு நியாயமில்லைதான். ஆனால் இடைப்பட்ட 29 ஆண்டு விலைவாசியைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் மலைக்க வைக்கும்.

சுவை இதற்குக் காரணமில்லை. 1990இலேயே பெப்சி உள்ளே வந்துவிட்டது; கோக்குக்கு அவசரம். பாட்டில் ஆலைகள், லாரிகள், காலி பாட்டில் திரும்பிவரும் ஏற்பாடு, பெட்டிக்கடைவரை பழகிய விநியோகம் இவற்றைப் புதிதாகக் கட்ட ஆண்டுகள் பிடிக்கும். பார்லேயிடம் அவை ஓடிக்கொண்டிருந்தன. கோக் வாங்கியது அந்த ஆண்டுகளை.

அப்படியானால் பார்லே இன்னும் அதிகம் கேட்டிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். ஆலைகளில் பெரும்பாலானவை பார்லேயுடையவை அல்ல. உரிமம் பெற்று நடத்திய தனி முதலாளிகளுடையவை. ஒரு முதலாளி எதிரணிக்குத் தாவினால் ஒரு நகரமே கைவிட்டுப் போகும். வாங்க வந்தவருக்கும் அது தெரியும். சொந்தமில்லாத வலிமைக்கு முழு விலை கிடைக்காது என்பது என் கணிப்பு. 2021இல் தம்ஸ் அப்பின் ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டதைப் பார்க்கும்போது, பார்லே மலிவாகவே விற்றது என்று தோன்றுகிறது. தன் சொந்த கோலாவை முன்னே தள்ளிப் பார்த்தும் தம்ஸ் அப் குடித்தவர்களை கோக்கால் அசைக்க முடியவில்லை. அதே ஒப்பந்தத்தில் வந்த கோல்ட் ஸ்பாட் கடையைவிட்டே போய்விட்டது!

கேம்பா விற்பனைக்கு வந்தபோது அதனிடம் ஓடிக்கொண்டிருந்த ஆலையோ விநியோகமோ ஏறக்குறைய இல்லை. பெயர் இருந்தது, வடநாட்டில் நடுத்தர வயதினரின் நினைவும் இருந்தது. ஆனால் ரிலையன்ஸுக்கு அது போதும். கடைகளும் மொத்த வியாபாரிகளும் ஏற்கெனவே கையில் இருந்ததால், அவர்களிடம் இல்லாதது பழகிய ஒரு பெயர் மட்டும். 2023 மார்ச்சில் மீண்டும் வந்த கேம்பா, 200 மில்லி 10 ரூபாய் என்று இறங்கியது. விநியோகம் இல்லாத ஒருவர் அதே பெயரை அதே விலைக்கு வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பார்?

நம் பக்கத்தில் 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் இன்னும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அதன் பொவண்டோ பானத்துக்கு யாராவது விலைபேச வந்தால், ஆலையும் விநியோக உரிமையும் யார் பெயரில் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார்கள்.