நான்கு மைக், ஒரே ஆள்: 24 பிட்டா, 32 பிட் ஃப்ளோட்டா, எம்பி3யா?

ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனி டிராக்காகப் பதியும் கையடக்கமான பல டிராக் ரெக்கார்டர்களின் மெனுவில் பதிவு வடிவங்கள் வரிசைகட்டி நிற்கின்றன: ஒலியைச் சுருக்கும் எம்பி3, சுருக்காத 16 பிட் வேவ், 24 பிட் வேவ், புதிய கருவிகளில் 32 பிட் ஃப்ளோட். அதற்கு மேல், ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளப்பது என்பதற்கு 44.1, 48, 96 கிலோஹெர்ட்ஸ் என்று இன்னொரு வரிசை. பிட் என்பது அப்படி எடுக்கும் ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பது. பெரும்பாலும் நான்கு மைக்குகளை வைத்து உரையாடலும் பாட்டும் பதிகிறவன் நான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் என்று முடிவு செய்து அதிலேயே இருக்கிறேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

எம்பி3யைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 320 கேபிபிஎஸ்ஸில்கூட ஒரு மணி நேர ஸ்டீரியோ 144 எம்பிதான்; கேட்பதற்குக் குறையும் தெரியாது. ஆனால் திருத்தி மறுபடி எம்பி3யாகச் சேமிக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஒலி கழிந்துபோகும். குறியாக்கத்தின்போது கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு மௌனமும் ஒட்டிக்கொள்ளும். தனியாகக் கேட்டால் அது பொருட்டில்லை. மற்ற டிராக்குகளோடு அடுக்கும்போது இடிக்கும். பல டிராக் முறைக்குப் போனால் எம்பி3யைத் தேர்வு செய்யவே விடாத கருவிகள் உண்டு. அது நியாயம்தான்.

உண்மையான போட்டி 16க்கும் 24க்கும் இடையில். பதியக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்பது கணக்கு. 16 பிட்டுக்கு 96 டெசிபெல். 24 பிட்டுக்கு ஏட்டளவில் 144. எந்தக் கருவியின் மின்சுற்றும் அந்த 144ஐத் தொடுவதில்லை, நல்ல கருவிகளே 120ஐ ஒட்டி நின்றுவிடும். ‘கேட்கிற காதுக்கு 96 போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. முடிந்த பாட்டைக் கேட்பதற்குப் போதும். பதிவதற்குத்தான் போதாது.

காரணம், ஒலியின் பலத்தைக் காட்டும் அளவுமானி. அதில் பூஜ்யம்தான் உச்சி. ஒலி அதைத் தாண்டினால் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை முழுதாக மீட்க முடியாது. சோதனைப் பதிவின்போது பாடுகிறவர் பாதிக் குரலில்தான் பாடுவார். பேட்டி கொடுப்பவர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று அடக்கமாகச் சொல்லுவார். சிவப்புப் பொத்தானை அழுத்திய பிறகுதான் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒரு மைக் என்றால், மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழில் கையை வைத்துக்கொண்டே சமாளித்துவிடலாம். நான்கு மைக்குக்கு நான்கு அளவுமானி, பார்ப்பதோ இரண்டு கண். ஆகவே எல்லாவற்றையும் முதலிலேயே தாழ்த்தி வைப்பதுதான் வழி: சோதனையில் உச்சம் மைனஸ் 18 டெசிபெல் அளவில் நின்றால் போதும்.

24 பிட்டில் அப்படித் தாழ்த்துவதால் இழப்பு எதுவும் இல்லை. பிறகு 18 டெசிபெல் ஏற்றினாலும் கேட்பது அறையின் மின்விசிறிச் சத்தம்தானே தவிர கோப்பின் இரைச்சல் அல்ல. 16 பிட்டில் 96இலிருந்து 18 கழிந்து 78தான் மிஞ்சும். அதுவும் பேச்சுக்குப் போதும் என்று வாதிடலாம், மறுக்கமாட்டேன். ஆனால் நான்கு டிராக்குகளைச் சேர்க்கும்போது அவற்றின் இரைச்சலும் கூடி 6 டெசிபெல் உயர்கிறது. ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசர் மெல்லிய பகுதிகளைத் தூக்கிவிட்டால் இன்னும் மேலே வரும். இத்தனைக்கும் 24 பிட் கேட்கும் கூடுதல் விலை பாதி மடங்கு இடம்தான். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் மணிக்கு 518 எம்பி. நான்கும் சேர்ந்து 2 ஜிபிக்குச் சற்று மேல். 32 ஜிபி கார்டில் ஏறத்தாழ 15 மணி நேரம் பதியலாம்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வந்ததுதான் 32 பிட் ஃப்ளோட். இரவல் கருவியில் கொஞ்சம் பயன்படுத்திப் பார்த்த அளவில், பூஜ்யத்தைத் தாண்டிய அலறலைக்கூடப் பின்னால் இறக்கிச் சீராக்க முடிந்தது. மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் மெல்லிய ஒலிக்கு ஒன்று, பலத்த ஒலிக்கு ஒன்று என்று, மைக்கின் மின்குறிப்பை எண்களாக்கும் மாற்றிகள் உள்ளே இரண்டு இருந்தால்தான் இதற்கு முழுப் பொருள். கோப்பு மட்டும் ஃப்ளோட்டாக இருந்தால், மாற்றியிலேயே வெட்டுப்பட்ட ஒலியை அது பத்திரமாகப் பாதுகாத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். மைக்கே திணறினாலும் அப்படியே. கோப்பின் அளவும் 24 பிட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆளில்லாமல் கருவியை வைத்துவிட்டுப் போகிறவர்களும், இடி எப்போது விழும் என்று தெரியாமல் மழையைப் பதிகிறவர்களும் இதை வாங்கலாம். அங்கே நான் எதிர்வாதம் செய்யமாட்டேன்.

கிலோஹெர்ட்ஸ் விஷயம் எளிது. குறுந்தகட்டின் அளவு 44.1, வீடியோவின் அளவு 48. மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு இரண்டுமே போதும். 96 இடத்தை இரட்டிப்பாக்கும்; ஒலியை மெதுவாக்கி விளையாடுகிறவர்களுக்கு அது உதவும். எனக்கு அந்தத் தேவை வந்ததில்லை.

நான்கு டிராக்குகளையும் ஒரே கோப்பில் எழுதுவதா, தனித்தனியாகவா என்ற அமைப்பு உங்கள் கருவியில் இருந்தால் தனித்தனியாக வையுங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. நான்கையும் ஒன்றாக எழுதினால் இரண்டு மணி நேரம் கடந்ததும் அந்த வரம்பு வந்துவிடும். தனி மோனோவாக இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சில கருவிகள் 2 ஜிபியிலேயே கோப்பை முறித்து அடுத்ததைத் தொடங்கும். துண்டுகளை ஒட்டுவது பெரிய வேலை இல்லை, ஆனால் நான்கு டிராக்கிலும் ஒட்ட வேண்டும். இன்னொன்று: பல கருவிகள் வேவ் கோப்பின் நீளத்தை, பதிவை நிறுத்தும்போதுதான் தலைப்பகுதியில் எழுதி முடிக்கும். நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையில் ‘எழுதுகிறது’ என்ற குறி மறையும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள்.