ஈரி ஏரியில் போட்டித் தூண்டிலுக்கு எந்தப் படகு?

படகு விற்பவர்கள் நம்மை வெள்ளோட்டத்துக்கு அழைத்துச் செல்வது பெரும்பாலும் காற்று எழாத காலை வேளையில், துறைமுகத் தடுப்புச் சுவருக்கு உள்ளேதான். அந்த நீரில் எந்தப் படகும் நல்ல படகாகவே தெரியும். ஈரி ஏரியில் வாலாய் (walleye) என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிகளுக்குப் படகு தேடுகிறவர், அந்தக் காலை ஓட்டத்தை வைத்து முடிவு செய்தால் தவறிப்போவார் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். டொராண்டோவிலிருந்து தெற்கே இறங்கி, ஏரியின் கனடியக் கரையிலுள்ள போர்ட் டோவரிலும் லாங் பாயிண்ட் பக்கத்திலும் ஆறு பருவங்கள் போட்டியிட்ட அனுபவத்தில், மூன்று வகைப் படகுகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவை பாஸ் (bass) என்ற மீனைப் பிடிப்பதற்கென உருவான தட்டையான பாஸ் படகு, ஆழ்ந்த ‘வி’ வடிவ அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகு, அதே வடிவில் கண்ணாடியிழையால் ஆன 21 அடிப் படகு ஆகியவை.

படகைப் பேசுவதற்கு முன் ஏரியைப் பேச வேண்டும். வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தில் ஈரியே ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் 19 மீட்டர்தான், மேற்குப் படுகையில் அது ஏறத்தாழ 7 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது, லாங் பாயிண்டுக்கு அப்பாலுள்ள கிழக்குப் படுகையில் மட்டும் 64 மீட்டர் வரை இறங்குகிறது. 388 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. அங்கே அடிக்கடி வீசும் காற்றின் திசையும் அதுவே. ஆகவே காற்று ஏரியின் முழு நீளத்தையும் உழுதுகொண்டு வருகிறது. பலத்த தென்மேற்குக் காற்றில் நீரே கிழக்கே ஒதுங்கிவிடும். மேற்கு முனையிலுள்ள டொலீடோவில் மட்டம் தாழ்ந்து கிழக்கு முனையிலுள்ள பஃபலோவில் உயரும்போது இரு முனைகளுக்கும் இடையே 2 மீட்டருக்கும் மேல் வேறுபாடு வந்ததுண்டு. காலையில் படகை இறக்கிய சரிவுத்தளத்தின் அடியில் மாலையில் சேறு தெரிவது மேற்குக் கரையில் புதுமையன்று.

இந்த ஏரியின் அலை கடலலை போன்றதும் அன்று. ஊரில் கடலில் போய் வந்தவர்கள் “நாலடி அலைதானே” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். கடலில் நாலடி அலைகள் பெரும்பாலும் எட்டு, பத்து நொடி இடைவெளியில் வந்து, படகை ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடும். ஈரியில் அதே உயர அலைகள் நான்கு நொடிக்கு ஒன்றாக, செங்குத்தாக வருகின்றன. நான்கு நொடி அலையின் நீளம் 25 மீட்டர் அளவில் இருக்கும். அதை எதிர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஒரு முறை அறை வாங்கும். மீன்பிடித்த இடம் கரையிலிருந்து 32 கிலோமீட்டர் என்றால், திரும்பி வருவதற்குள் இரண்டாயிரம் அறைகள். வானிலை அறிக்கை ‘4 அடி’ என்று சொல்வது உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியை மட்டுமே, எனவே அந்த நாளில் ஏழு, எட்டு அடி அலை ஒன்றிரண்டு எதிர்ப்படுவதும் இயல்பே.

போட்டிப் படகைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் எனக்கு இங்கேயிருந்துதான் கிடைத்தது. விளம்பரத் தாள்கள் உச்ச வேகத்தைப் பெரிதாக அச்சிடுகின்றன. ஆனால் பிடித்த மீனை எடைபோடும் நேரத்துக்குள் கரை சேராதவருக்கு எடையில் கழிவு, மிகவும் தாமதித்தவருக்குத் தகுதியிழப்பு என்பதே போட்டிகளின் பொது வழக்கம். நாலடி அலையை எதிர்த்து, ஆளும் கருவியும் மீனும் பழுதுபடாமல், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாங்கி நிற்கும் படகு, சமநீரில் 110 போகும் படகைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக மீன் பிடிக்கலாம்.

முதலில் நான் வாங்கியது பாஸ் படகு. பழையது, நல்ல நிலையில் இருந்தது, பெயர் வேண்டாம். பாஸ் படகுகள் சிற்றேரிகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் உருவானவை. தாழ்ந்த பக்கச் சுவர், நின்றபடி தூண்டில் வீச அகன்ற மேடை, பின்புறத்தில் பெரிய எஞ்சின், சமநீரில் அம்பு போன்ற ஓட்டம். செயின்ட் கிளேர் ஏரியிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் தேர்ந்த தூண்டில்காரர்கள் இவற்றைக் கொண்டே பேரலைகளைச் சமாளிக்கிறார்கள். அது அவர்களுடைய கைத்திறன், படகின் சிறப்பு என்று கருதிவிடக் கூடாது. லாங் பாயிண்டிலிருந்து திரும்பிய ஒரு பிற்பகலில், பின்னாலிருந்து வந்த அலை எங்கள் அமரத்தை, அதாவது படகின் பின்முனையைத் தூக்க, அணியம் என்னும் முன்முனை முன் அலையின் முதுகில் ஈட்டிபோலச் செருகிக்கொண்டது. முன்மேடையின் மீது ஏறி வந்த நீர் முழங்காலளவு நின்றது. உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்புகள் இரண்டும் ஓடின, நாங்களும் வாளியால் இறைத்தோம், பதினொரு நிமிடம் தாமதமாகக் கரை சேர்ந்தோம். பிழையில் பாதி என்னுடையது: பின்னலையில் எஞ்சினின் சாய்வை உயர்த்தி அணியத்தைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஆனாலும் ஓட்டுபவரின் ஒரு பிழையைப் பொறுக்காத படகு இந்த ஏரிக்கு உரியதன்று.

அடுத்தது அலுமினிய ஆழ் ‘வி’ படகு. மினசோட்டாவில் 1948 முதல் படகு கட்டிவரும் லண்ட் நிறுவனத்தின் புரோ-வி வரிசை இவ்வகைக்கு நல்ல சான்று. வாலாய் பிடிப்பவர்களின் தேவையை அறிந்து வடிவமைத்த படகு என்பது உள்ளே கால் வைத்ததுமே புரிகிறது. சுவர்கள் உயர்ந்தவை, உள்ளாழம் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது, நீண்ட தூண்டில் கோல்கள் அடங்கும் பெட்டிகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. எடை குறைவு என்பதால் சிறிய வண்டியாலும் இழுக்கலாம், எரிபொருளும் மிஞ்சும், கல்லில் உரசினாலும் பெரும்பாலும் நெளிவோடு போய்விடும். மேற்குப் படுகையில் தீவுகளின் மறைவில் மீன்பிடிப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன். குறை என்று பார்த்தால் அது எடை குறைவிலேயே இருக்கிறது. அலையை வெட்டிக்கொண்டு போக எடை வேண்டும். இலேசான படகு அலையின் உச்சியிலிருந்து தாவி விழுகிறது, விழும் ஓசை தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி பெய்வது போலிருக்கும். இது அலுமினியப் படகுகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு. ஒரு முழு நாள் ஓட்டத்துக்குப் பின் முதுகுக்குத்தான் அதன் விலை தெரியும்.

மூன்றாவது வகையில் ரேஞ்சர் 621, ஸ்கீட்டரின் டபிள்யூ.எக்ஸ் வரிசை, லண்டின் கண்ணாடியிழைப் புரோ-வி ஆகியவை போட்டித் துறைகளில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. நான் அதிக நேரம் ஓட்டிப் பார்த்தது 621. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஃப்ளிப்பின் என்ற சிற்றூரில் 1968-இல் தொடங்கிய நிறுவனம் ரேஞ்சர். பாஸ் படகால் பெயர் பெற்றவர்கள் பேரலைக்கு இப்படியொரு படகைக் கட்டியிருப்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. மூன்றடி அலையில் வேகத்தைக் குறைக்க வேண்டிய தேவையே எழவில்லை. நாலடியில் குறைத்தேன், ஆனால் பல்லைக் கடிக்கவில்லை. அறைக்குப் பதிலாக ‘தொப்’ என்று அமுங்கிய ஒலி. தெறிக்கும் நீர் பக்கவாட்டில் விரிந்து விழுகிறது, முகத்துக்கு வருவது குறைவு.

இதற்குக் காரணம் எடை மட்டுமன்று. அடிப்பாகம் ஏராவிலிருந்து (நடு அடிக்கட்டையிலிருந்து) இரு பக்கமும் எந்தக் கோணத்தில் ஏறுகிறது என்பதே முதன்மையானது. 1960-ஆம் ஆண்டின் மயாமி–நசாவு விசைப்படகுப் பந்தயத்தில், ரேமண்ட் ஹன்ட் வரைந்த ‘மாப்பி’ என்ற படகு கொந்தளித்த கடலில் மற்றவற்றைப் பின்தள்ளி வென்றபோதுதான், அமரம் வரை ஏறத்தாழ 24 பாகைக் கோணத்தைக் குறைக்காமல் கொண்டுசெல்லும் ஆழ் ‘வி’ வடிவத்தின் வலிமையை உலகம் கண்டது. இன்றைய மீன்பிடிப் படகுகள் அணியத்தில் கூர்மையாகத் தொடங்கி, அமரத்தில் சற்றுத் தட்டையாகி, ஓட்டத்தில் வெட்டுவதும் நிற்கும்போது நிலைப்பதுமாகச் சமரசம் செய்துகொள்கின்றன. கோணம் கூடக் கூட, நிறுத்தி வைத்த படகு பக்கவாட்டில் அதிகம் உருளும், கிளம்புவதற்கு அதிக குதிரைத்திறனும் கேட்கும். விற்பனையாளரிடம் அமரத்தின் கோணம் எத்தனை பாகை என்று கேளுங்கள். விடை தெரியாமல் விழித்தால் எஞ்சினைப் பற்றி அவர் சொல்வதையும் சற்றுக் கழித்தே கேட்கலாம்.

நீளத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி, 20 அடிக்குக் குறைவான, எஞ்சினை அமரத்தின் வெளிப்புறத்தில் மாட்டிய அவுட்போர்ட் படகுகள் நீர் நிரம்பினாலும் கவிழாமல் சமமாக மிதக்க வேண்டும். 20 அடியைத் தாண்டிய படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய படகு தானாகவே பாதுகாப்பானது என்று எண்ணிக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நல்ல நிறுவனங்கள் கட்டாயம் இல்லாமலேயே உட்கூடெங்கும் நுரையை நிரப்புகின்றன. நீங்கள் பார்க்கும் படகில் அது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய படகானால் அந்த நுரை நீரை உறிஞ்சிக் கனத்திருக்கிறதா என்பதையும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. அகலத்தில் எட்டரை அடிதான் எல்லை, அதற்கு மேல் போனால் சாலையில் இழுத்துச் செல்லத் தனி அனுமதி வேண்டியிருக்கும்.

எஞ்சினைப் பொறுத்தவரை, படகுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத் திறனையோ அதற்குச் சற்றே குறைந்ததையோ வாங்குவதில் பெரிய விவாதம் இல்லை. நான் பேச விரும்புவது நீரைத் தள்ளிப் படகை உந்தும் சுழலியைப் பற்றி. நான்கு இதழ் கொண்ட எஃகுச் சுழலி உச்ச வேகத்தில் சிறிது குறைத்துவிடும். ஆனால் அலைகளுக்கு நடுவே படகை மெதுவான வேகத்திலும் நீரின் மேல் நிறுத்திவைக்கும், அலையில் எழும்பும்போது பிடி நழுவவும் விடாது. ஆயிரம் டாலருக்குள் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை. பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் 9.9 குதிரைத்திறன் கொண்ட சிறு எஞ்சின் ஒன்று அவசியம். படகை மெல்ல ஓட்டியபடி தூண்டிலை இழுக்கும் ட்ரோலிங் முறையில் மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் வேகத்தை நாள் முழுவதும் தருவது அதுதான், பெரியது கைவிட்டால் கரைக்குக் கொண்டுவருவதும் அதுதான். அணியத்து மின்மோட்டாருக்கு 60 அங்குலத் தண்டு போதும் என்று கடையில் சொன்னார்கள். நாலடி அலையில் அணியம் எழும்போதெல்லாம் அந்தச் சுழலி காற்றைக் கடைந்தது. 72 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

உள்ளமைப்பில் முழு அகலக் காற்றுத்தடுப்புக் கண்ணாடி வேண்டுமா, ஓட்டுபவருக்கு மட்டும் போதுமா என்பதில் நண்பர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள். நீர் இன்னும் பனிக்கட்டிபோல் இருக்கும் ஏப்ரலில் போட்டியிடும் எவரும் இரண்டாவது கட்சியில் நெடுநாள் இருக்க முடியாது. மீனை உயிரோடு வைக்கும் தொட்டியையும் நிரப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும். குலுக்கலில் நீர் உள்ளிழுக்கும் குழாயில் காற்றுப் புகுந்து பம்பு வீணே சுழலுமானால், உயிருள்ள மீனுக்கு மட்டுமே முழு எடை தரும் போட்டிகளில் உழைப்பெல்லாம் வீணாகும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொள்வது, இத்தகைய படகுகளுக்கு ஏரியின் அமெரிக்கப் பக்கத்தில் 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமே. அக்கரைக்கு மாட்டியதை இக்கரைக்கு வந்ததும் கழற்றிவைப்பவர்களையும் பார்க்கிறேன்.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. புதிதாக, எஞ்சினும் கருவிகளும் பூட்டிய 21 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒரு லட்சம் அமெரிக்க டாலரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. 2022 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் மீனின் வயிற்றுக்குள் ஈயக் குண்டுகளைத் திணித்து எடை காட்டிய இருவர் பிடிபட்டதும், சிறைத் தண்டனையோடு அவர்களில் ஒருவருடைய படகும் பறிபோனதும் நினைவிருக்கலாம். அந்தப் படகின் மதிப்பும் ஏறத்தாழ அதே ஒரு லட்சம்தான். பரிசுப் பணத்தால் படகின் விலையை மீட்கலாம் என்ற கணக்கு நேர்மையாளருக்கு ஒத்துவருவது அரிது.

ஆகவே நான் ஒன்பது ஆண்டுப் பழைய கண்ணாடியிழைப் படகையே வாங்கினேன். வாங்கும் முன் விற்றவரிடம் ஒரே நிபந்தனை வைத்தேன்: வெள்ளோட்டத்தின் நாளை நான்தான் குறிப்பேன். மிதவை நிலையம் மூன்றடி அலை காட்டிய ஒரு வியாழக்கிழமை அவரை அழைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தடுப்புச் சுவரைத் தாண்டிக் காற்றை எதிர்த்து எட்டுக் கிலோமீட்டர், பக்க அலையில் நான்கு, பிறகு பின்னலையில் கரைக்குத் திரும்பினோம். இருக்கையின் திருகாணிகள் தளர்ந்திருப்பதும், தொட்டியின் மூடி தாழ் விட்டுத் திறந்துகொள்வதும், வழிகாட்டித் திரையின் தாங்கி ஆடுவதும் அந்த ஓட்டத்தில்தான் தெரிந்தன. மூன்றுக்குமாக விலையில் எண்ணூறு டாலர் குறைத்தார். அடிக்கூட்டில் ஒரு கீறல் ஒலிகூட எழவில்லை.